பாம்பன் கரையில் நின்று படகு நம்பரைப் படிக்க எத்தனை எக்ஸ் வேண்டும்?

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது, சுருக்கமாக இது: "90×25 என்று எழுதிய பைனாகுலர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன் சார். அப்பாவின் விசைப்படகு கரையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிறது. படகு தெரிகிறது, நம்பர் தெரியவில்லை. எழுத்து இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான். 90 எக்ஸ் போதாதா? 200 எக்ஸ் வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது தம்பி. 2,000 எக்ஸ் என்று எழுதியிருந்தாலும் ஆகாது. முப்பது வருஷம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் லென்ஸ் துடைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மண்டபம் ஊரில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் வடகடல் கரையில் பிள்ளைகளுக்கு நிலாவும் வியாழனும் காட்டுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "இது எத்தனை எக்ஸ்?" என்பதுதான். விற்கிறவனுக்கும் அது தெரியும், அதனால்தான் அந்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறான்.

முதலில் உங்கள் கையில் இருப்பது 90 எக்ஸ்தானா என்று பார்த்துவிடுவோம். (90×25-ல் முதல் எண் உருப்பெருக்கம், அதுதான் எக்ஸ். இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.) பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் கை நீட்டித் தள்ளிப் பிடியுங்கள். பெரிய லென்ஸ் பக்கம் வெளிச்சமான வானத்தைப் பார்க்கட்டும் (சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும்). கண் வைக்கும் சின்ன லென்ஸுக்குள் ஒரு வெளிச்ச வட்டம் மிதப்பது தெரியும். அதன் குறுக்கே ஸ்கேலை வைத்து அளங்கள். முன் லென்ஸின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான உருப்பெருக்கம். சொன்னபடி 90 எக்ஸ் என்றால் வட்டம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, ஊசி குத்திய ஓட்டை மாதிரி இருக்கவேண்டும். உங்களுடையதில் 3 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். 25-ஐ 3-ஆல் வகுத்தால் 8. நீங்கள் வாங்கியது 8 எக்ஸ், அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஏமாந்துவிட்டோமே என்று வருத்தப்படுவீர்கள். நான் சொல்வேன், நல்லவேளை 90 எக்ஸ் இல்லை. 25 மில்லிமீட்டர் லென்ஸில் நிஜமாகவே 90 வைத்திருந்தால் படகுகூடச் சரியாகத் தெரிந்திருக்காது, இருட்டும் மங்கலும்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு, ராத்திரி செய்யவேண்டியது. கண் வைக்கும் பக்கம் ஒரு முழம் தள்ளி கைபேசி டார்ச்சைப் பிடியுங்கள். முன் லென்ஸை ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். தாளில் விழும் வெளிச்ச வட்டம் முன் லென்ஸ் அளவுக்கே இருந்தால் சரக்கு நேர்மையானது. 50 மில்லிமீட்டர் என்று எழுதிய ஒரு குழாயில் நான் இப்படிப் பார்த்தபோது வட்டம் 30 மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே கறுப்பு வளையம் ஒன்றைப் போட்டு லென்ஸின் ஓரத்தை மறைத்திருந்தான். லென்ஸ் மட்டமானது, ஓரத்தின் வழியாக வரும் ஒளி படத்தைக் கெடுக்கும், அதனால் மூடிவிட்டான். கலிலியோவும் 1609, 1610-ல் தன் லென்ஸுகளின் ஓரத்தை மறைத்துத்தான் பார்த்தார். ஆனால் அவர் அதை மறைக்காமல் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருவோம். 'விவரம் தெரிகிறது' என்றால் என்ன? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளி இரண்டாகத் தெரிவதுதான். அப்படிப் பிரித்துக் காட்டும் திறனுக்குப் பிரிதிறன் என்று பெயர். 8 என்ற எண்ணை 3-இலிருந்து பிரித்துக் காட்டுவது இடப்பக்கத்துக் கோடும் நடுவிலுள்ள சந்தும். அந்தச் சந்து தெரியாவிட்டால் எத்தனை பெரிதாக்கியும் பிரயோஜனமில்லை. இந்தச் சந்தை மீட்டரில் அளப்பதைவிடக் கோணத்தில் அளப்பதுதான் வசதி. தூரம் போகப்போக எல்லாம் சிறுத்துக்கொண்டே போகும் அல்லவா? ஒரு பாகையை 60 கூறாக்கினால் ஒரு வில்நிமிடம். அதையும் 60 ஆக்கினால் ஒரு வில்விநாடி. 10 ரூபாய் நாணயம் ஒன்றை 93 மீட்டர் தள்ளி வைத்தால் அதன் அகலம் ஒரு வில்நிமிடம். அதே நாணயத்தை ஐந்தரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு வில்விநாடி.

நல்ல கண்ணால் ஒரு வில்நிமிடம் வரை பிரித்துப் பார்க்க முடியும். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் 6/6 வரியில் உள்ள எழுத்துகளின் கோட்டுக் கனமும் சரியாக இந்த ஒரு வில்நிமிடம்தான். ராத்திரி இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்கு கட்டிய படகு ஏழு கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரே விளக்காகிவிடும். நடைமுறையில் விளக்கின் கூச்சத்தால் அதற்கு முன்னாலேயே ஒன்றாகிவிடும்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, அது நம் ஊரின் பழைய பிரிதிறன் பரீட்சை என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்கு பார்த்தால் அப்படி இல்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே கிட்டத்தட்ட 12 வில்நிமிடம். கண்ணின் எல்லையைப்போல் பன்னிரண்டு மடங்கு. பிரித்துப் பார்ப்பதில் கஷ்டமே இல்லை. அருந்ததி மங்கலான விண்மீன், அதனால்தான் வானம் புகைந்திருந்தால் தெரிவதில்லை. (பகல் பத்து மணி முகூர்த்தத்தில் கல்யாண மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து காட்டுகிறார்களே, அதற்கு எந்த லென்ஸும் உதவாது.) நிஜமான பரீட்சை வசிஷ்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒற்றை விண்மீன் உண்மையில் இரட்டை, இடைவெளி 14 வில்விநாடி. 1617-ல் கலிலியோவின் சீடர் காஸ்டெல்லி தொலைநோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தார். சித்திரை, வைகாசி மாதச் சாயங்காலங்களில் மண்டபம் வடகரையில் நின்றால் கடலுக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கும். என்னுடைய 60 மில்லிமீட்டர் குழாயில் 20 எக்ஸில் இரண்டும் அழகாகப் பிரிந்து நிற்கும். முதன்முறை பார்க்கிற பிள்ளைகள் குழாயைத் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே ஏதோ இரண்டாகக் காட்டுகிறது என்று நினைத்து.

சரி, எல்லை எங்கிருந்து வருகிறது? மூக்கையூர் மீன்பிடித் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவரின் வாய் வழியே அலை நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வரிவரியாக நேராக வந்த அலை, உள்ளே நுழைந்ததும் விசிறி மாதிரி விரிந்து, சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் வள்ளத்தைக்கூட ஆட்டும். வாய் குறுகலாக இருந்தால் விரிவு அதிகம், அகலமாக இருந்தால் விரிவு குறைவு. ஒளியும் அலைதான். லென்ஸின் வாய்க்குள் நுழைந்ததும் அதுவும் விரிகிறது. புத்தகத்தில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அதனால் எவ்வளவு சுத்தமாகக் கடைந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது. நடுவில் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி மங்கலான வளையங்கள் என்றுதான் காட்டும். 1835-ல் இதைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஜார்ஜ் ஏரி. அந்த வட்டத்துக்கு ஏரி வட்டம் என்றே பெயர். நம் பக்கம் கண்மாய் என்று சொல்வதால் குழப்பம் வராது.

இரண்டு விண்மீன் என்றால் இரண்டு வட்டம். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் பிரிக்க முடியாது. எவ்வளவு தள்ளி இருந்தால் இரண்டு என்று சொல்லலாம் என்பதற்கு ராலே பிரபு 1879-ல் ஒரு வரையறை வைத்தார்: ஒன்றின் நடு, மற்றதன் முதல் இருட்டு வளையத்தில் விழவேண்டும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால் மனப்பாடம் செய்யச் சுலபமான ஒரு எண் கிடைக்கும். 138-ஐ லென்ஸின் விட்டத்தால், மில்லிமீட்டரில், வகுத்துக்கொள்ளுங்கள். வருவது வில்விநாடி. அதற்கும் கீழே உள்ள விவரம் அந்த லென்ஸுக்குள் நுழையவே இல்லை. நுழையாததை எந்த எக்ஸ் கொண்டு பெரிதாக்குவது? வலைக்கண் வழியே தப்பிப்போன நெத்திலியைக் கரைக்கு வந்து தராசில் தேடுகிற கதைதான்.

நம் கண்ணுக்கே இதைப் போட்டுப் பாருங்கள். பகலில் கண்ணின் பாப்பா (நடுவில் ஒளி நுழையும் கறுப்பு ஓட்டை) இரண்டரை மில்லிமீட்டர். 138-ஐ 2.5-ஆல் வகுத்தால் 55 வில்விநாடி, கிட்டத்தட்ட ஒரு வில்நிமிடம். விழித்திரையில் உள்ள செல்களின் நெருக்கமும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ராத்திரி பாப்பா 7 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் பார்வை கூர்மையாவதில்லை. அந்தக் கடைக்காரன் மூடிய ஓரம் மாதிரி, கண்ணிலும் ஓரம் மட்டம்.

இப்போது அப்பாவின் படகு. பதிவு எண் ஒரு சாண் உயரம், கோட்டின் கனம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு கிலோமீட்டர் தூரத்தில் அந்த 3 சென்டிமீட்டர் வெறும் 3 வில்விநாடி. உங்கள் 25 மில்லிமீட்டர் லென்ஸின் எல்லை 5.5 வில்விநாடி, அந்தத் தூரத்தில் 5 சென்டிமீட்டருக்கு மேல். கோடும் சந்தும் ஒன்றாகக் கரைந்துவிடும். நீங்கள் பார்த்த வெள்ளைத் தீற்றல் அதுதான். 50 மில்லிமீட்டர் என்றால் 2.8 வில்விநாடி, நூலிழையில் தேறும். 65 என்றால் 2.1, கொஞ்சம் மூச்சு விடலாம். 80 என்றால் 1.7.

எக்ஸுக்கும் வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. லென்ஸ் பிரித்த 3 வில்விநாடியைக் கண்ணால் பிடிக்க முடிந்த 60 வில்விநாடிக்குத் தூக்கிக் கொடுக்க 20 எக்ஸ் வேண்டும். நல்ல 10×50 பைனாகுலராக இருந்தாலும் 10 எக்ஸில் கண் நின்றுவிடும், லென்ஸ் பிடித்த விவரம் கண்ணுக்கு வந்து சேராது. அதனால் எக்ஸ் குறைந்தாலும் நஷ்டம். ஆனால் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குச் சமமான எக்ஸ் வந்துவிட்டாலே விவரமெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதைப்போல் இரண்டு மடங்கு வரை கண்ணுக்குச் சௌகரியம். அதற்கு மேல் ஏற்றுவது ரப்பரை இழுக்கிற மாதிரி, அச்சு பெரிதாகும், அதில் புதிதாக எதுவும் இருக்காது.

இதெல்லாம் ஒளிக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். அப்பாவின் படகில் எக்கோ சவுண்டர் இருக்குமே, மீன் பார்க்கும் கருவி, அதில் 50, 200 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 50-ல் வைத்தால் அகலமாகத் துழாவும், ஆனால் தரையும் மீனும் குழம்பும். 200-ல் வைத்தால் கூர்மையாக இருக்கும். ஏன் என்று அப்பாவிடம் கேட்டால் "அது அப்படித்தான்டா" என்பார். காரணம் இதே கணக்குதான். கடல்நீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் போகிறது. 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 சென்டிமீட்டர், 200 என்றால் முக்கால் சென்டிமீட்டர். படகின் அடியில் இருக்கும் உணரி உள்ளங்கைக்குள் அடங்கும், 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 'வாய்' வழியாக நீள அலை போனால் 40 பாகைக்கு விரிகிறது, குட்டை அலை போனால் 10 பாகைக்குத்தான். பாக் நீரிணையில் பத்து மீட்டர் ஆழம் என்றால், முதலாவது தரையில் 7 மீட்டர் அகல வட்டத்தில் இருப்பதையெல்லாம் ஒரே கோடாகக் காட்டும். இரண்டாவது ரெண்டு மீட்டருக்கும் குறைவான வட்டம். பாறையும் பாறைக்குப் பக்கத்தில் நிற்கும் மீன் கூட்டமும் தனித்தனியாகத் தெரிய 200-தான் வேண்டும். ஆழ்கடலுக்குப் போனால் 200-ஐத் தண்ணீர் விழுங்கிவிடும், வேறு வழியில்லாமல் 50-க்கு மாறவேண்டும். விவரம் வேண்டுமானால் வாயை அகலமாக்கு, இல்லையென்றால் அலையைக் குட்டையாக்கு. ஒளிக்கும் ஒலிக்கும் ரேடியோவுக்கும் இந்த ஒரே பேரம்தான்.

ரேடியோவில் இந்தப் பேரம் எவ்வளவு கொடுமை என்பதற்கு நம் ஊட்டியே சாட்சி. அங்கே முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து வேலை செய்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டினார்கள். சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சரியாக 11 பாகை என்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அரைக் கிலோமீட்டர் நீளம்! ஆனால் அது வாங்கும் அலையின் நீளமே ஒரு கஜத்துக்குச் சற்று மேல், 92 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நீளவாக்கிலேயே பிரிதிறன் 6, 7 வில்நிமிடம்தான். அதாவது நம் கண்ணைவிட மோசம். அதற்காகவா அவ்வளவு செலவு செய்தார்கள்? இல்லை. நிலாவைக் கத்தியாக உபயோகித்தார்கள். நிலா வானத்தில் நகரும்போது அதன் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மெல்ல மறைக்கும். சட்டென்று மறைந்தால் மூலம் சின்னது, படிப்படியாக மறைந்தால் பெரியது, இரண்டு படியாக மறைந்தால் இரட்டை. நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டால் வில்விநாடிக் கணக்கில் விவரம் கிடைக்கும். 530 மீட்டர் வாய் கொடுக்காததை நிலாவின் ஓரம் கொடுத்தது. எனக்குத் தெரிந்து வானியலில் இதைவிட அழகான குறுக்குவழி இல்லை.

இன்னொரு வழி, வாயை முழுசாகக் கட்டாமல் இரண்டு ஓரத்தை மட்டும் வைப்பது. 1920-ல் மைக்கல்சனும் பீஸும் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 6 மீட்டர் சட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி மாட்டி, இரண்டிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்து, நம் திருவாதிரையின் குறுக்களவை அளந்தார்கள்: 0.047 வில்விநாடி. சூரியனைத் தவிர ஒரு விண்மீனை மனிதன் அளந்தது அதுதான் முதல் தடவை. இதே உத்தியைப் பூமி அகலத்துக்கு நீட்டி, கண்டங்களில் சிதறிக் கிடக்கும் ரேடியோ தட்டுகளை ஒன்றாக்கி, 1.3 மில்லிமீட்டர் அலையில் எடுத்ததுதான் 2019-ல் வெளிவந்த, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம்.

இவ்வளவு சொல்லியும் முக்கியமான ஆளை இன்னும் சொல்லவில்லை. காற்று. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் கேளுங்கள், அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே நிற்கும் வள்ளம் எப்படி இருக்கும் என்று. நெளியும், உடையும், சேரும். நாமும் அப்படி ஒரு கடலின் அடியில்தான் நிற்கிறோம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடமெல்லாம் ஒளியை அங்கேயும் இங்கேயும் வளைக்கிறது. விண்மீன் மினுக்குவது அதனால்தான். சாதாரண இரவில் இந்தக் காற்று ஒரு விண்மீனை 1 அல்லது 2 வில்விநாடிக்குத் தீற்றிவிடும். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். 138 கணக்குப்படி 0.06 வில்விநாடி பிரிக்கவேண்டும். தலைக்கு மேல் இருக்கும் காற்று அதை விடாது. பெரிய கண்ணாடி அங்கே ஒளியை அள்ளிச் சேர்க்கத்தான் பெரிதும் பயன்படுகிறது. விவரத்தையும் விடமாட்டோம் என்கிறவர்கள் கண்ணாடியின் முகத்தையே விநாடிக்குப் பல நூறு தடவை வளைத்துக் காற்றின் நெளிவைச் சரிக்கட்டுகிறார்கள், அல்லது காற்றைத் தாண்டியே போய்விடுகிறார்கள். 1990-ல் போன ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர், காவலூருக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி அளவு. அதைத் தேய்த்தபோது ஓரத்தில் தலைமுடிக் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகிவிட்டது. அதற்கே படங்கள் மங்கி, 1993 டிசம்பரில் ஆட்கள் மேலே போய்க் கண்ணாடி போட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. அவ்வளவு சின்னப் பிசகு அவ்வளவு பெரிய வேலை வைத்தது.

உங்கள் விஷயத்தில் காற்று இன்னும் மோசம். நீங்கள் மேலே பார்க்கவில்லை, கடல்மட்டத்தை ஒட்டிப் படுக்கைவாக்கில் ரெண்டு கிலோமீட்டர் காற்றைத் துளைத்துப் பார்க்கிறீர்கள். பகல் பதினோரு மணிக்கு மணல் கொதிக்கும். அந்தச் சூடு ஏறும்போது படகு கால்முளைத்து ஆடும், சில நாள் தனுஷ்கோடிப் பக்கம் படகு தண்ணீருக்கு மேல் மிதப்பதுபோலக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் 3 வில்விநாடி எந்த லென்ஸுக்கும் தேறாது, 80 மில்லிமீட்டரும் உங்கள் 25-ம் ஒன்றுதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்புத் தூவானமும் சேர்ந்துகொள்ளும். அப்போது போவது பிரிதிறன் இல்லை, வெளிறிப்போய் எழுத்துக்கும் பலகைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். இரண்டும் வேறுவேறு நோய், இரண்டிலும் நம்பர் தெரியாது.

ஆகவே விடியற்காலை. சூரியன் ஏறி மணல் சூடாவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். வடகடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மணலில் நிற்காமல் கொஞ்சம் உயரத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தார்ச்சாலைக்கு மேலாகவோ ஓட்டுக் கூரைக்கு மேலாகவோ பார்வை போகக்கூடாது.

அரிச்சல்முனையில் நின்று இலங்கையைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைமன்னார் 29 கிலோமீட்டர் சுமாருக்கு. அங்கே லென்ஸும் இல்லை, காற்றும் இல்லை, பூமியின் வளைவே குறுக்கே நிற்கிறது. கரையில் நிற்கிற ஆளின் கண்ணுக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டர்தான். அக்கரையில் முப்பது நாற்பது மீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் கடலுக்கு அடியில். உயரமான கோபுரத்து விளக்கு ராத்திரி தெரியலாம், கரையில் நிற்கும் ஆள் எதிலும் தெரியமாட்டான். பைனாகுலரில் தெரிகிற மணல் திட்டைக் காட்டி இலங்கை என்பவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கைபேசியில் 100 எக்ஸ் ஜூம் வருகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அதன் லென்ஸின் வாய் சில மில்லிமீட்டர்தான், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 20 கோடி பிக்சல் என்று விற்பவற்றில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரோமீட்டர். அந்த லென்ஸ் போடும் ஏரி வட்டமே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. மிச்சத்தைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. நிலா என்று தெரிந்தால் நிலாவின் விவரத்தைத் தானே போட்டுவிடும் கைபேசியும் உண்டு. அப்பாவின் படகு நம்பர் அதற்குத் தெரியாது.

நுண்ணோக்கியிலும் இதே ஏமாற்று நடக்கிறது என்பதால் ஒரு பத்தி. மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக இருப்பதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கடல்நீரை நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். ப்ளூரோசிக்மா என்று ஒரு டயட்டம் பாசி, வளைந்த எஸ் வடிவில் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். அதன் ஓட்டில் அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் கோடுகள். லென்ஸ் செய்கிறவர்கள் நெடுங்காலமாக இதைத்தான் பரீட்சைக்கு வைத்தார்கள். 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால் வழுவழுப்பான சில்லு. மேலே கண்ணருகு லென்ஸை மாற்றி மாற்றி 250 வரை ஏற்றுங்கள், பெரிய வழுவழுப்பான சில்லு. 40 எக்ஸ் லென்ஸைத் திருப்பிப் போடுங்கள், கோடு மீன் செதில்போல் எழும்பி வரும். 40 லென்ஸ் ஒளியை அகலமான கூம்பாக வாங்குகிறது, 10 லென்ஸ் குறுகலாக வாங்குகிறது, அதுதான் வித்தியாசம். எர்ன்ஸ்ட் அபே 1873-ல் சொன்ன கணக்கு இது. எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸிலும் 0.2 மைக்ரோமீட்டரோடு சாதாரண ஒளி நின்றுவிடும். அதற்கும் கீழே போகும் தந்திரங்களுக்கு 2014-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

இனி வாங்குவது பற்றி. படகு நம்பர்தான் வேண்டுமென்றால் 65 அல்லது 80 மில்லிமீட்டர் முன் லென்ஸுள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி), 20 முதல் 60 எக்ஸ், கூடவே கனமான முக்காலி. முக்காலியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கடல்காற்றில் குழாய் நடுங்கினால் அத்தனை மில்லிமீட்டரும் வீண். 25, 30 எக்ஸுக்கு மேல் திருகவேண்டிய தேவை அநேகமாக வராது. கோதண்டராமர் கோயில் பக்கம் வரும் பூநாரைகளைப் பார்க்கத்தான் ஆசை என்றால் 8×42 பைனாகுலர் போதும், கழுத்திலும் இடிக்காது. ஸ்கோப்பை முக்காலியில் நிறுத்திக் கடலைப் பார்த்தால் கடலோரக் காவல்காரர்கள் வந்து கேட்பார்கள். எல்லைக் கடல், கேட்கத்தான் செய்வார்கள். கடற்படை இருக்கும் பக்கம் திருப்பாமல், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினபிறகு எதிரி உப்பு. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு கச்சான் காலத்தில் லென்ஸில் உப்பு படிந்திருந்ததைக் கைலி நுனியால் துடைத்தேன். உப்புக் கல்லும் மணலும் அதில் இருந்தது. லென்ஸின் மேல்பூச்சில் விழுந்த கீறல்கள் வெயிலில் பார்த்தால் இன்றும் மின்னும். அடுத்து, மழைக்காலத்தில் தோல் உறைக்குள் மூடி வைத்தேன், உள்ளே பூஞ்சை சிலந்தி வலை மாதிரி பரவிவிட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். பூஞ்சையைத் துடைத்துவிட்டு முப்பட்டகத்தைக் கோணலாக மாட்டி அனுப்பினார்கள், படம் இரண்டாகத் தெரிந்தது. வசிஷ்டர் எனக்கு நான்காகத் தெரிந்த காலம் அது. இப்போது நான் செய்வது: முதலில் ரப்பர் ஊதியால் ஊதுவது, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் உப்பைக் கரைத்து எடுப்பது, கடைசியில்தான் மெல்லிய துணி. வைக்கும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு.

உங்கள் 25 மில்லிமீட்டரைத் தூக்கிப் போடவேண்டாம். வியாழன் மேலே ஏறி நிற்கும் ஒரு சாயங்காலம் கரையில் ஏற்றி வைத்த வத்தையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே வரிசையில் இரண்டு மூன்று புள்ளிகள் நிற்கும், அவை வியாழனின் நிலாக்கள். மறுநாள் அதே நேரத்துக்கு இடம் மாறியிருக்கும். இரண்டு நாளும் படம் வரைந்து வையுங்கள். ஸ்கோப் வாங்க மதுரைக்குப் போகுமுன் மண்டபத்தில் இறங்கி அதைக் காட்டிவிட்டுப் போங்கள், டார்ச்சு சோதனை எப்படி என்று நேரிலேயே காட்டுகிறேன்.